கையெழுத்துக்கு முன் ஒரு வாரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மருந்துச் சோதனைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தலைப்பிலேயே ‘சோதனை எலிகள்’ என்று போட்டிருந்தீர்கள். விவரம் தெரியாதவர்களும் கையில் காசில்லாதவர்களும்தான் இதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுபோல எழுதியிருந்தது. படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். மனசு ஆறவில்லை. நான்கு நாள் கழித்து இதை எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் அப்படி ஒரு சோதனையின் படிவம் என் மடியில் இருந்தது. மனச்சோர்வுக்கு நான் சாப்பிட்டுவந்த மாத்திரையை விட்டுவிட்டு, இன்னும் கடைக்கு வராத ஒரு மாத்திரைக்கு மாறுவதா வேண்டாமா என்று பதினோரு நாள் யோசித்தேன். காசுக்காக இல்லை. பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் தருவதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். முழுசாகக் குணமாகிவிட மாட்டோமா என்ற ஆசைதான் காரணம். அந்த ஆசை இருக்கிறவனை எலி என்று சொல்லாதீர்கள்.

எனக்கு வயது 49. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பூ ஊற்றுகிற வேலையைப் பெரும்பாலும் நானே செய்வேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இது சூளையில் சுடுகிற ஓடு இல்லை. கண்ணாடியை நன்றாகத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம் வைத்து, சட்டத்துக்குள் பூ அச்சை இறக்குவோம். அச்சில் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு அறை இருக்கும். அந்தந்த அறையில் அந்தந்த வர்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். ஊற்றி முடித்ததும் அச்சைக் கை நடுங்காமல் நேர்மேலே தூக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பு போய்ப் பச்சைக்குள் விழுந்துவிடும். பிறகு காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பண்ணி, மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். பூ இருக்கிற முகம் இவ்வளவு நேரமும் அடியில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி கழன்று வந்தால்தான் அது எப்படி வந்திருக்கிறது என்று தெரியும்.

2019 தை மாதம். பொங்கல் முடிந்து கை நிறைய ஆர்டர் இருந்த நேரம். காலையில் கண்ணாடியைத் துடைத்து அச்சை வைத்தேன். சிவப்புக் கலவையைக் கரண்டியில் எடுத்தேன். ஊற்ற முடியவில்லை. கையில் வலி இல்லை, நடுக்கம் இல்லை. ஊற்ற வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வரவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. “அண்ணே, கலவை இறுகிருச்சு” என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். குனிந்து பார்த்தேன். கரண்டிக்குள் சிவப்பு கட்டியாக நின்றது. அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், சோறு வாயில் மண் மாதிரி இருக்கும். அன்றைக்குத்தான் இது ஏதோ நோய் என்று எனக்கே பட்டது.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். “கடனா, வியாதியா, உனக்கு என்ன குறை?” என்று கேட்டார் மாமா. மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிப்போகிற குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள், போனேன். தொண்ணூறு வயது அப்பத்தா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவனை ஏர்வாடியில கொண்டுபோய் விட்டுறாதீங்கடா” என்று அழுதது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். எங்கள் பக்கம் வயதானவர்களுக்கு மனநோய் என்றாலே இன்றைக்கும் அந்தச் சங்கிலிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை மனநல மருத்துவரிடம் போனோம். முதலில் செர்ட்ராலின் கொடுத்தார். எட்டு வாரம் சாப்பிட்டேன், வயிறு கெட்டதே தவிர மனசு தெளியவில்லை. அப்புறம் எஸ்சிடலோபிராம், 10 மில்லிகிராமில் ஆரம்பித்து 20 வரை. நான்காவது வாரம் ஒரு நாள் காலையில் டீ டீயாக ருசித்தது. என் மனைவியைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். அவள் அடுப்படியில் நின்றபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது, பட்டறைக்குத் திருப்பி அனுப்பியது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. மகள் முதல் சம்பளத்தில் எனக்கு வேட்டி வாங்கி வந்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அழுகை வர வேண்டிய இடத்திலும் அப்படித்தான். அப்பத்தா செத்த அன்று என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை, எல்லோரும் பார்த்தார்கள். கணவன் மனைவிக்கு நடுவில் உள்ள விஷயத்திலும் நாட்டம் போய்விட்டது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வகை மாத்திரைகளில் இது நிறையப் பேருக்கு வருவது என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், இரண்டு வருஷம் என் மனைவி தன்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்க மாட்டாள்.

இந்த நிலையில்தான் போன ஆடியில் டாக்டர் சொன்னார்: “இரண்டு மருந்து பார்த்தாச்சு. உங்களை மாதிரி பாதி குணமானவர்களுக்காக ஒரு புது மருந்து சோதனை நடக்குது. விருப்பம்னா வெளியே விவரம் கேளுங்க.” வெளியே ஒரு பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டு பக்கத் தமிழ்ப் படிவத்தை நீட்டி, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவை வைத்தது. “கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க சார், விவரமெல்லாம் அடுத்த தடவை சொல்றோம். இடம் கொஞ்சந்தான் இருக்கு” என்றது. இதுதான் நான் வருத்தப்படுகிற இடம். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அதற்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் நோயில் இருக்கிற ஒருவனிடம் ‘இடம் கொஞ்சந்தான்’ என்று சொல்லலாமா?

வராந்தாவிலேயே உட்கார்ந்து நானும் மனைவியும் படித்துப் பார்த்தோம். தமிழில்தான் இருந்தது. ஆனால் ‘சீரற்ற ஒதுக்கீடு’ என்றால் என்ன, ‘இரட்டை மறைப்பு’ என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஏழாவது பக்கத்தில் ‘கழுவு காலம் இரண்டு வாரம்’ என்று இருந்தது. அவள் முகம் மாறிவிட்டது. “என்னங்க, வயித்தைக் கழுவுவாங்களாமா?” என்று கேட்டாள். எங்கள் ஊரில் வயிற்றைக் கழுவுவது என்றால் விஷம் குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் செய்வது. என்னைப் பார்த்து அதைக் கேட்க அவளுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும்! நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். “வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது சார்” என்றது அந்தப் பெண். “படிக்காமல் போட மாட்டேன்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகள் அழகப்பா பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்தவள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் உட்கார்ந்து எங்களுக்கு வரி வரியாகச் சொன்னாள். கழுவு காலம் என்றால் பழைய மருந்து உடம்பிலிருந்து முழுக்க வெளியேறும்வரை எந்த மருந்தும் இல்லாமல் இருப்பது. சீரற்ற ஒதுக்கீடு என்றால் குலுக்கல். சேர்பவர்களை மூன்று கூட்டமாகக் குலுக்கிப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்குப் புது மருந்து, ஒரு கூட்டத்துக்கு ஏற்கனவே புழக்கத்தில் உள்ள ஒரு மருந்து, மூன்றாவது கூட்டத்துக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, இதுதான் இரட்டை மறைப்பு. எட்டு வாரம் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள்.

எனக்கு உடனே கண்ணாடிக்கு அடியில் இருக்கிற பூதான் ஞாபகம் வந்தது. ஆனால் பூவை ஊற்றுகிறவன் நான். எந்த அறையில் எந்த வர்ணம் என்று எனக்குத் தெரியும். இதில் யாருக்குமே தெரியாது. “ஏம்மா இப்படி?” என்றேன். “தெரிஞ்சா மனசு ஏமாத்திடும்பா” என்றாள். மனச்சோர்வு மருந்துச் சோதனைகளில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் மூன்றில் ஒருவர் அளவுக்குத் தேறுகிறார்களாம். வாரா வாரம் ஒருவர் உட்கார்ந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதும், மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையும் அவ்வளவு வேலை செய்கிறது. அதனால் ஒளித்துப் பார்த்தால்தான் மருந்தின் யோக்கியதை தெரியும். அது எனக்குப் புரிந்தது. அப்படிப் பார்ப்பது நியாயம் என்றும் பட்டது.

அப்புறம் கம்ப்யூட்டரில் மத்திய அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். 2007-ல் தொடங்கியதாம். 2009-லிருந்து எந்த மருந்துச் சோதனையும் ஆள் சேர்க்கும் முன்பே அதில் பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் படிவத்தில் இருந்த எண்ணைப் போட்டதும் வந்தது. எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரி, எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது, எல்லாம் இருந்தது. அத்தனையும் இங்கிலீஷில். மகள் இல்லாவிட்டால் நான் அதை எப்படிப் பார்த்திருப்பேன்?

2019 மார்ச்சில் வந்த மத்திய அரசு விதிகளையும் எடுத்துப் படித்தாள். சோதனையில் சேர்ந்தவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும். சோதனையால்தான் வந்தது என்று தெரிந்தால் நஷ்டஈடும் உண்டு. நல்ல மருந்து இருந்தும் அதைக் கொடுக்காமல் வெறும் மாத்திரை கொடுத்ததால் வந்த கேடும் அந்தக் கணக்கில் சேரும். எந்த நேரமும் விலகலாம், விலகியதற்காக வழக்கமான வைத்தியத்தை மறுக்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட படிவத்தில் நமக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் இதில் ஒரு வரிகூட இல்லை, ஐயா. பயம் காட்ட முழுப் பக்கம் கொடுத்த நீங்கள் இதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

மகள் இன்னொன்றும் சொன்னாள், அது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. மனச்சோர்வுக்கென்று முதலில் வந்த மருந்துகளில் ஒன்று இமிப்ரமைன். 1950-களில் ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற டாக்டர் தன் மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் அது மனச்சோர்வைத் தீர்க்கும் என்று கண்டுபிடித்தார். அந்த மருத்துவமனையில் பல மருந்துகளை நோயாளிகளின் சம்மதம் கேட்காமலே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது ரொம்பப் பின்னால் வெளியே வந்தது. எனக்கு டீ ருசித்த அந்தக் காலை வேளைக்குப் பின்னால் இப்படிப் பேர் தெரியாத எத்தனை பேர் இருக்கிறார்களோ. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்கிறார்கள். சேர வேண்டும் என்று அன்று ராத்திரி முக்கால்வாசி முடிவே பண்ணிவிட்டேன்.

கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். பதினோராவது நாள் மதுரைக்குப் பஸ் ஏறினோம். திருப்பத்தூர் தாண்டி மேலூர் வருவதற்குள், இந்த நோட்டில் எழுதாத ஒன்று எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அதை மனைவியிடம் சொன்னேன்.

இரண்டு வருஷம் முன்பு சென்னையில் ஒரு வீட்டுக்குக் கல் பதிக்கப் போயிருந்தேன். மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். ஐந்து நாள்தானே என்று விட்டுவிட்டேன். மூன்றாவது நாள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று மின்சாரம் ஓடுகிற மாதிரி இருந்தது. தரை மிதந்தது. கல் உடைந்ததற்கெல்லாம் கண்ணீர் வந்தது. நான்காவது நாள் ராத்திரி, இனி இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தது. வந்தது என்றால் சும்மா வந்து போகவில்லை, விடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தது. கூடப் படுத்திருந்த பையனை எழுப்பிப் பேசிக்கொண்டே இருந்தேன், எதைப் பேசினேன் என்று ஞாபகம் இல்லை. காலையில் மருந்துக்கடையில் பழைய சீட்டைப் போனில் காட்டி மாத்திரை வாங்கிப் போட்டேன். ஊருக்கு வந்ததும் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை.

பஸ்ஸில் அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மாட்டுத்தாவணியில் இறங்கியதும், “ரெண்டு வாரம் மாத்திரையில்லாம இருக்கணுமாமே. அது வேண்டாங்க” என்றாள். எனக்கும் அதுதான் முடிவு என்று தெரிந்துவிட்டது. கணக்குப் பாருங்கள். இரண்டு வாரம் மருந்தில்லாமல். குலுக்கலில் வெறும் மாத்திரை விழுந்தால் அதற்கு மேல் எட்டு வாரம். நான்கு நாளைக்கே அந்தக் கதி என்றால்?

டாக்டரைப் பற்றி நல்லதையும் சொல்ல வேண்டும். எங்கள் நோட்டைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். நான் சேர்ந்தால் உங்களுக்குப் பணம் உண்டா என்று கேட்டேன். கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது. “ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்குது, அது நெறிமுறைக் குழுவுக்கும் தெரியும்” என்று மறைக்காமல் சொன்னார். புது மருந்தில் குணமாகிவிட்டால் ஒன்பதாவது வாரம் எனக்கு அந்த மருந்து கிடைக்குமா என்று கேட்டேன். அதற்கு உறுதி கொடுக்க முடியாது, அனுமதி கிடைத்துக் கடைக்கு வருஷக்கணக்கில் ஆகலாம் என்றார். இந்த ஒரு கேள்வியைச் சேர நினைக்கிற எல்லோரும் கேட்க வேண்டும். கடைசியில் சென்னைக் கதையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இதைத் தெரிஞ்சிருந்தா உங்களை நான் கேட்டிருக்கவே மாட்டேன்” என்றார்.

சேர்க்கும் முன் அந்த எண்ணம் வந்ததுண்டா என்று கேட்கத்தான் செய்வார்களாம். தீவிரமாக இருந்தால் பெரும்பாலும் சேர்ப்பதில்லையாம். ஆனால் முதல் நாளே அந்த மேஜையில் கையெழுத்துப் போட்டிருந்தால், இடம் போய்விடுமே என்ற பதற்றத்தில் நான் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அந்த உண்மை வாயிலிருந்து வரப் பதினோரு நாளும் ஒரு பஸ் பயணமும் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு, மருந்தை மாற்றத்தானே போகிறோம், பக்கத்தில் இருக்கும் டாக்டரிடமே மாற்றுவோம் என்று எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. முதலில் தைராய்டு பார்த்தீர்களா என்று கேட்டார். ஆறு வருஷத்தில் யாரும் பார்க்கவில்லை. தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வருமாம். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. அடுத்த தடவை வரும்போது இரண்டு மாதத்து மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். மேஜையில் பரப்பி எண்ணினார். பதினான்கு மாத்திரை அப்படியே இருந்தது. கல் பதிக்க வெளியூர் போன நாள்கள், விருந்துக்குப் போன நாள்கள், ‘இன்னைக்கு நல்லாத்தானே இருக்கோம்’ என்று விட்ட நாள்கள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. “இந்த மருந்து தோத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்றது? முதல்ல ஆறு வாரம் ஒரு நாள்கூட விடாமச் சாப்பிடுங்க” என்றார். சாப்பிட்டேன். கொஞ்சம் கூடியது, போதவில்லை.

அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பேரை வைத்து நடந்து 2006-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றைப் பற்றி அவர்தான் சொன்னார். முதல் மருந்திலேயே முழுசாகக் குணமானவர்கள் மூன்றில் ஒருவர்தானாம். குணமாகாமல் வேறு மருந்துக்கு மாறியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குணமானார்கள். எந்த மருந்துக்கு மாறினார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வில் வெறும் மாத்திரை கிடையாது. மருந்தை மாற்றுவதா, இருப்பதோடு இன்னொன்றைச் சேர்ப்பதா என்பதில் நோயாளியின் விருப்பத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு இரண்டு விதத்தில் நிம்மதி. ஒன்று, முதல் மருந்தில் முழுசாகத் தேறாதது என் மனபலக் குறைவு இல்லை. இன்னொன்று, நோயாளியின் வார்த்தையைக் கேட்டும் சோதனை நடத்த முடியும்.

இப்போது எஸ்சிடலோபிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வென்லாஃபாக்சினை 37.5 மில்லிகிராமில் ஆரம்பித்து ஏற்றுகிறார். ரத்த அழுத்தம் கூடலாம் என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிறார்கள். மூன்றாவது வாரம். இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை. இதை நானாகச் செய்யவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்த மாத்திரைகளைத் தானாக நிறுத்துவதும் ஒன்றோடு ஒன்று சேர்ப்பதும் ஆபத்து.

நான் இந்தச் சோதனையில் சேரவில்லை. ஆனால் இருக்கிற மாத்திரையை நிறுத்தாமல், அதன்மேல் புதிதாக ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிற சோதனை வந்தால் கூப்பிடுங்கள் என்று மதுரை டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

நான் கேட்பது இதுதான். படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். குறைந்தது ஒரு வாரம் கொடுங்கள். ‘கழுவு காலம்’ என்று எழுதாமல் ‘இரண்டு வாரம் எந்த மாத்திரையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். எழுதியவர் அதை ஒரு தடவை தன் அம்மாவிடம் படித்துக் காட்டட்டும். அவருக்குப் புரிந்தால் எங்களுக்கும் புரியும். சேரச் சொல்லிக் கேட்பவர் வைத்தியம் பார்க்கிற டாக்டராக இல்லாமல் வேறொருவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆறு வருஷமாக உயிரைக் கையில் பிடித்துக் கொடுத்தவரிடம் ‘மாட்டேன்’ என்று சொல்வது எங்கள் பக்கத்தில் லேசான காரியம் இல்லை. பதிவேட்டைத் தமிழிலும் போட அரசு ஏற்பாடு செய்யட்டும். இதையெல்லாம் நீங்கள் எழுதினால் நாலு பேர் கேட்பார்கள். எலி என்று எழுதினால், சேர்ந்து பயன்பட வேண்டியவனும் பயந்து ஓடிவிடுவான், கேள்வி கேட்டுத் தப்ப வேண்டியவன் வெட்கப்பட்டுக் கேட்காமலே இருந்துவிடுவான்.

சென்னையில் எனக்கு வந்த மாதிரி ராத்திரி யாருக்காவது வந்தால், 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மத்திய அரசின் இலவச எண். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருந்த பையன்தான் இருந்தான். அவனுக்கு இன்றைக்கு வரைக்கும் நான் ஏன் எழுப்பினேன் என்று தெரியாது.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வந்து பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒரு வீட்டாரிடம் மட்டும், நான் மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை மகளே சொல்லிவிட்டாள். அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகங்கை மாவட்டம்.